பெரியவள் அடுக்கிய இரண்டு பைகள்

கண்ணாடி டம்ளர் செய்யும் அந்தத் தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. வீட்டில் அழைத்த பெயரே அங்கேயும் ஒட்டிக்கொண்டுவிட்டது: பெரியவள். வேலைக்குச் சேர்ந்தபோது பத்தொன்பது வயது. இப்போது நாற்பத்து மூன்று. ஒரு டம்ளரைத் தாளில் சுற்ற மூன்று நொடி போதும் அவளுக்கு. இருபத்து நான்கு டம்ளர் பெட்டிக்குள் போனதும், மூடியை ஒட்டுவதற்கு முன் பெட்டியைக் காதுக்குப் பக்கத்தில் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்குவாள். சின்னதாக ஒரு சத்தம் கேட்டாலும் மொத்தத்தையும் பிரித்துவிட்டு மறுபடி அடுக்குவாள். பெரியவள் கட்டிய பெட்டியை மாடியிலிருந்து போட்டாலும் ஒன்றும் ஆகாது என்பது லாரியில் சரக்கு ஏற்றுகிறவர்களின் பேச்சு. யாரும் போட்டுப் பார்த்ததில்லை.

அதனால்தான் தங்கைக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது அந்த வேலை இவள் தலையில் வந்து விழுந்தது. தங்கை சின்னவள், பதின்மூன்று வயது இளையவள். ஒரு சனிக்கிழமை போன் செய்தாள்.

"அக்கா, ஆஸ்பத்திரிக்குப் பை அடுக்கணும். நீ வந்தாத்தான் சரியா வரும்."

"நாலு துணி, ஒரு சீப்பு. இதுக்கு நான் எதுக்கு?"

"நாலு தடவ வச்சு நாலு தடவ வெளிய எடுத்துட்டேன். ஜிப் மூட மாட்டேங்குது."

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள் பெரியவள். போகவில்லை. அடுத்த ஞாயிறு, வேலை இருக்கிறது என்றாள். ஞாயிறு தொழிற்சாலைக்கு விடுமுறை என்பது சின்னவளுக்குத் தெரியாதா என்ன. ஆனாலும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது ஞாயிறு பெரியவள் தன்னையே அதட்டிக் கிளப்பிக்கொண்டு பஸ் ஏறினாள்.

சின்னவளின் வீடு மூன்றாம் மாடியில். உள்ளே நுழைந்ததும் படுக்கையைப் பார்த்துவிட்டு நின்றாள். சின்னவளின் கணவன் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவன்; பெரியவளுக்கு அவன் தம்பி. கடையில் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கி வந்து குவித்திருந்தான். மூன்று அளவில் டயப்பர், ஏழு சோப்பு, பஞ்சு, இரண்டு வெந்நீர்ப் பை, ஒரு பிளாஸ்டிக் வாத்து.

"பிரசவத்துக்குப் போற மாதிரி இல்லையே தம்பி. வீடு காலி பண்ற மாதிரில்ல இருக்கு" என்றாள்.

"ஆஸ்பத்திரியில ஒரு லிஸ்ட் கொடுத்தாங்கக்கா. அதுல இல்லாதது கொஞ்சம்தான்" என்று சொல்லிக்கொண்டே வாத்தை எடுத்துப் பின்னால் மறைத்தான். அவனைப் பால் வாங்கிவர அனுப்பிவிட்டு அக்காளும் தங்கையும் படுக்கையில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள்.

வேண்டாததை ஒதுக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. துண்டுகளைச் சுருட்டினாள். குழந்தைச் சட்டைகளை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்தாள். பிறகு தங்கையின் நைட்டியை எடுத்தாள். எடுத்தவள் மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"அம்மா பையில என்னக்கா இருந்துச்சு?" என்றாள் சின்னவள்.

இதுவரை அவள் கேட்டதே இல்லை. அவள் பிறந்த நாள்தான் அம்மா இறந்த நாள். அந்த வீட்டில் அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அப்பா மின்கம்பம் ஏறும் லைன்மேன். அந்தத் தேதியில் மட்டும் வேறு யாருடைய வேலையையாவது கேட்டு வாங்கிக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிடுவார். சின்னவளின் பிறந்தநாள் மறுநாள் வரும். புது உடுப்பு, கேக் எல்லாம் மறுநாள்தான். யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுதான் சின்னவளுக்கே உண்மையான தேதி தெரிந்தது.

"உனக்கு எப்படித் தெரியும், பையில என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்னு?"

"நீ ரெண்டு வாரமா வராம இருந்தியே, அப்பத் தெரிஞ்சுது."

பெரியவள் நைட்டியைப் பார்த்துக்கொண்டே சொல்லத் தொடங்கினாள்.

அது அப்பா வேலைக்குக் கருவிகள் கொண்டுபோகும் பழுப்பு ரெக்சின் பை. இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தும் கிரீஸ் வாசனை போகவில்லை. அம்மாவுக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தன. கட்டிலில் சாய்ந்தபடி விரலை மட்டும் நீட்டி இதை எடு, அதை வை என்றாள். அடுக்கியது பதின்மூன்று வயதுப் பெரியவள்.

"துண்ட அடியில வை. மேல வச்சா கசங்கும்."

"கசங்குனா என்னம்மா, தொடைக்கத்தானே போறோம்."

"வாய் மட்டும் இல்லன்னா உன்ன நாய் தூக்கிட்டுப் போயிடும்."

இரண்டு நைட்டி, சீப்பு, பற்பசை, சோப்பு டப்பா. குழந்தைக்கு நாலு சட்டை, ஒரு பூத்துண்டு, காதை மூடும் ஒரு தொப்பி. எல்லாம் வைத்து முடித்த பிறகு அம்மா கொடியைக் காட்டி, "அந்தச் சாம்பல் கலர் சட்டையையும் வச்சிடு" என்றாள். அது அப்பாவின் பழைய வேலைச் சட்டை. முழங்கையில் ஒட்டு, மூன்றாவது பொத்தான் மட்டும் வேறு நிறம். ஐந்தாம் மாதத்திலிருந்து மற்றதெல்லாம் இறுக்கிப் பிடிக்க ஆரம்பித்ததும் அம்மா வீட்டில் அதைத்தான் போட்டுக்கொண்டு திரிந்தாள்.

பெரியவள் வைத்தாள். ஆனால் அந்த ஆஸ்பத்திரியில்தான் அவள் வகுப்புத் தோழியின் தாய் நர்ஸாக இருந்தாள். அம்மா ஒட்டுப்போட்ட ஆம்பளைச் சட்டையில் படுத்திருப்பதை அவள் பார்த்தால் திங்கட்கிழமை வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். அம்மா கண் அயர்ந்ததும் சட்டையை உருவி எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பீரோவில் அம்மா பிரிக்காமலே வைத்திருந்த பூப்போட்ட புது நைட்டியை அந்த இடத்தில் செருகினாள்.

மறுநாள் காலை வாடகைக் கார் வந்தது. அப்பா பையைத் தூக்கிக்கொண்டார். அம்மா கதவைப் பிடித்தபடி மெதுவாக ஏறி உட்கார்ந்துவிட்டு, "கேஸ மூடிட்டு ஸ்கூலுக்குப் போ" என்றாள். அவள் மூடிவிட்டுத்தான் போனாள்.

அதற்கடுத்த நாள் அப்பா மட்டும் வந்தார். பையை மேசைமேல் வைத்துவிட்டு, சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். விஷயத்தைச் சொன்னது கூட வந்த அத்தை. குழந்தை இன்னும் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும் என்றதும் அத்தைதான்.

பை மூன்று நாள் மேசைமேலேயே இருந்தது. பிறகு பெரியவள்தான் திறந்தாள். குழந்தையின் பூத்துண்டும் ஒரு சட்டையும் இல்லை. மற்றதெல்லாம் அவள் அடுக்கியபடியே இருந்தன. அம்மாவின் துணிகளில் மடிப்புகூடக் கலையவில்லை.

"சட்டைய எடுத்தத நான் யார்கிட்டயும் சொல்லல. அம்மா கேட்ட கடைசிப் பொருள் அது. அதத்தான் நான் ஒளிச்சு வச்சேன்."

அந்த நினைப்போடுதான் அவள் தங்கையை வளர்த்தாள். அத்தை ஆறு மாதத்தில் தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். பெரியவள் பாட்டிலைக் கொதிக்கவைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள், பிறகு சீருடை துவைத்தாள், பிறகு கட்டணம் கட்ட வேலைக்குப் போனாள். பெண் பார்க்க வந்த ஒருவர் கூடத்தில் உட்கார்ந்து, தங்கச்சியை எங்கே விடப் போகிறீர்கள் என்று கேட்டார். அவர் பிஸ்கட் சாப்பிட்டு முடிப்பதற்குள் பெரியவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"அப்பாவுக்கு அந்தச் சட்டை விஷயம் தெரியாதா?"

"தெரியும். அதத்தான் சொல்ல வர்றேன்."

ஆறு வருடம் முன்பு அப்பா கடைசியாகப் படுக்கையில் விழுந்திருந்தபோது, ஒரு பகல் வேளையில், பேச்சோடு பேச்சாக அவர் சொன்னார். "உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி அம்மா பையத் திறந்து பாத்தா. சட்டையக் காணோம். பூப்போட்ட நைட்டி இருந்துச்சு. பாத்துட்டுச் சிரிச்சா. 'பெரியவ என்னைய ஜோடிச்சு அனுப்பிருக்கா பாருங்க'ன்னா."

இருபத்து நாலு வருடம் இதை ஏன் சொல்லவில்லை என்று அவரிடம் கேட்டாள். "நீ கேக்கலையே" என்றார் அப்பா.

சின்னவள் வயிற்றின்மேல் கையை வைத்தாள். "அப்ப அம்மா கோவிச்சுக்கல."

"கோவிச்சுக்கல."

"எப்படிச் சிரிப்பாங்க?"

பெரியவள் கையைத் தன் வாய்மேல் வைத்துக் காட்டினாள். "வாயப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாங்க. தோள் ரெண்டும் குலுங்கும். சத்தம்..." நிறுத்தினாள். "கேஸ மூடச் சொன்ன குரல் இப்பவும் காதுல இருக்கு. சிரிப்புச் சத்தம் மட்டும் வரமாட்டேங்குது. எவ்வளவோ நாள் தேடிப் பாத்துட்டேன்."

தேடியதெல்லாம் உண்மை. பஸ்ஸில் பின் இருக்கையில் யாராவது பெண் சிரித்தால் திரும்பாமலே காது கொடுப்பாள். இது இல்லை, இதுவும் இல்லை என்று மட்டும் உறுதியாகத் தெரியும்.

"அந்தச் சட்டை?"

"உன்ன வீட்டுக்குக் கொண்டு வந்தப்ப அதுலதான் சுத்தி வச்சேன். ஒரு வருஷம் அதுலயே கிடந்த. அப்புறம் நைஞ்சு நைஞ்சு கரித்துணியாப் போச்சு. கடைசித் துண்டால நீ சிலேட்டுத் தொடைச்ச."

"எனக்கு ஞாபகமே இல்ல" என்றாள் சின்னவள், எதையோ கைதவறவிட்டவள்போல.

பெரியவள் நைட்டியை மடித்தாள். குழந்தையின் துணிகள் அடியில், தாயின் துணிகள் மேலே என்று அடுக்கினாள். ஜிப் ஒரே இழுப்பில் மூடியது. பழக்க தோஷம், பையைக் காதருகே தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கினாள். பால் வாங்கிக்கொண்டு வந்த தம்பி வாசலில் நின்றபடி, "என்னக்கா, உள்ள ஏதாவது கேக்குதா?" என்றான். சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பத்து நாள் கழித்து, ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்பு சூப்பர்வைசர் அவள் மேசைக்கு வந்தார். வேலை நேரத்தில் போன்களெல்லாம் லாக்கரில் இருக்கும் என்பதால் தம்பி அலுவலகத்துக்கே கூப்பிட்டிருந்தான். சுற்றிக்கொண்டிருந்த டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். தலையில் தாள் துணுக்குகள் ஒட்டியிருந்ததை ஆஸ்பத்திரி லிப்டில் ஒரு பெண் சொன்ன பிறகுதான் தட்டிவிட்டாள்.

பிரசவ அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் தம்பி பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "கொடு" என்று வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் போனது. கதவு திறந்து ஒரு நர்ஸ் தலையை நீட்டினாள். "குழந்தைக்குத் துண்டு, சட்டை கொடுங்க."

பெரியவள் மேலே இருந்த தங்கையின் துணிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பெண் குழந்தை, நன்றாக இருக்கிறாள் என்றாள் நர்ஸ். "அம்மா?" என்று பெரியவள் கேட்பதற்குள் கதவு மூடிவிட்டது.

தம்பி ஜன்னலோரம் போய் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான். பெரியவள் நாற்காலியிலேயே பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். துண்டும் சட்டையும் மட்டும் போய்விட்ட பை. இந்த இடம் வரைக்கும் அவளுக்குத் தெரியும். இதற்கு மேல் என்ன என்பதை அவள் பார்த்ததில்லை. மருந்து வண்டி போனது. யாரோ தரையைத் துடைத்துக்கொண்டே வந்து, காலைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினாள். கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது நிமிடம்.

அதே நர்ஸ் மறுபடி வந்தாள். "தாய்க்கு மாத்துத்துணி கொடுங்க. சீப்பு இருந்தா அதையும். முடி சிக்காயிடுச்சாம், உள்ள ஒரே புலம்பல்."

பெரியவள் கொடுத்தாள். நைட்டி, உள்துணி, துண்டு, சீப்பு என்று ஒவ்வொன்றாக நர்ஸின் கையில் வைத்தாள். கதவு மூடியதும் பாதி காலியான பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். போனும் கையுமாக ஓடி வந்த தம்பி வெலவெலத்துப் போனான். "என்னக்கா, என்ன சொன்னாங்க? சொல்லுங்கக்கா."

"சீப்பு கேட்டாங்க" என்றாள். இதற்கு ஏன் அழவேண்டும் என்று தெரியாமல் அவன் தண்ணீர் வாங்க ஓடினான்.

பெரியவள் ஒரு மாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் தங்கை வீட்டில் தங்கினாள். மூன்றாவது வாரம், ஒரு பிற்பகல். தம்பி கடைக்குப் போயிருந்தான். குழந்தை அப்போதுதான் தூங்கியிருந்தது. பால் கட்டிக்கொண்ட வலி, தையல் போட்ட இடத்தில் வலி, இரண்டு நாளாகச் சரியான தூக்கமில்லை. துவைத்த துணிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த சின்னவள் திடீரென்று அழத் தொடங்கினாள். எங்கே வலிக்கிறது என்று கேட்டாள் பெரியவள். அதில்லை என்று அவள் தலையை ஆட்டினாள்.

"எனக்கு அம்மா வேணும்க்கா."

முப்பது வயதுக்குள் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. விழுந்தபோதும், காய்ச்சல் வந்தபோதும், திருமணத்தன்றும் அவள் கூப்பிட்டது அக்கா என்றுதான். நான் இருக்கேனே என்று சொல்லப் பெரியவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. அது பதிலில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

"எனக்கும்தான்" என்றாள்.

இருவரும் சுவரில் சாய்ந்து, தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். அது கிளம்பாமல் இருமிக்கொண்டே இருந்தது. சின்னவள் அழுது ஓய்ந்து, அக்காளின் தோளிலேயே தூங்கிப்போனாள். குழந்தை சிணுங்கத் தொடங்கியபோது பெரியவள் தங்கையின் தலையை மெதுவாகத் தலையணைக்கு மாற்றிவிட்டு எழுந்தாள்.