மூதூர்ப் பெட்டிக்குள் இருந்தவள்

நம்பச் சொல்லி ஒருவரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் இது நடந்தது. பாலையூற்றில், மெல்ரோயின் வீட்டு முன்னறையில், பட்டப்பகலில் நடந்தது. கேட்டுச் சிரித்தவர்களோடு மெல்ரோய் வாதாடுவதில்லை. அவர்களை அந்த அறைக்குள் விடுவதுமில்லை.

மெல்ரோய் திருகோணமலைத் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைத் திருத்துகிறவர். ஓய்வு நேரமெல்லாம் பழைய போனோகிராப் பெட்டிகளோடுதான். தட்டு வைக்கும் கிராமபோனுக்கு முந்தியவை அவை. மெழுகு உருளை சுழலும்; அதன்மேல் ஊசி ஊரும்; குழாய் பேசும். மற்றவர்கள் பெட்டியின் வெளியழகைப் பார்ப்பார்கள். மெல்ரோய் அதைக் கவிழ்த்துப்போட்டு வயிற்றைப் பார்ப்பார். வில்சுருள் ஒன்றா இரண்டா, எந்தத் திருகு பிறகு மாற்றியது, எந்தப் பல்லுச்சக்கரம் வேறு பெட்டியுடையது... ஒரு சின்ன வித்தியாசம் கண்டால் சாப்பாடே மறந்துபோகும்.

மூதூரில் நஜ்முன் நிஸா என்ற ஆசிரியை, மௌத்தாகி அடக்கமான தன் வாப்பாவின் பெட்டியை விற்கப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டதும் வான் ஒன்றை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஆசிரியை பேரம் பேசவே இல்லை. பெட்டி கேற்றைத் தாண்டும்வரை வாசலிலேயே நின்று பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடாத மாரி மழை. மனைவி சுதர்ஷிகா, மகள் லதுஷாவை மறைக்கல்வி வகுப்புக்குக் கூட்டிப்போயிருந்தாள். கரண்டும் இல்லை. பின்னேரம் மூன்று மணி இருக்கும். மெல்ரோய் மேசையில் பெட்டியைத் திறந்தார்.

திறந்தவர் கதிரையில் அப்படியே இருந்துவிட்டார்.

ஊசியை நகர்த்தும் நீண்ட திருகின் புரிகள் மறுபக்கமாக வெட்டப்பட்டிருந்தன. அவரிடமிருந்த மற்றப் பெட்டிகளில் ஊசி இடமிருந்து வலம் போகும். இதில் வலமிருந்து இடம். இப்படியொன்றை அவர் படத்தில்கூடக் கண்டதில்லை. இதில் பதிந்த குரலை இன்னொரு பெட்டியில் போட்டுக் கேட்க ஏலாது. உள்ளே இருந்ததும் ஒரேயொரு உருளைதான். மண்ணிற மெழுகு.

சாவி கொடுத்தார். ஊசியை மெல்ல இறக்கினார்.

கர்ர்ர்... கர்ர்ர்...

பிறகு ஒரு பெண்குரல்.

"ஆர் அது?"

மெல்ரோய்க்குச் சந்தோசம் தாங்கவில்லை. நூறு வருசத்துக்கு முந்திய தமிழ்க் குரலல்லவா! ஊசியைத் தூக்கித் திரும்பவும் தொடக்கத்தில் வைத்தார்.

"ஆர் அது? புது ஆள் போல கிடக்கு..."

கை அந்தரத்தில் நின்றது. முதல்முறை இது இருக்கவில்லை. மெழுகில் பதிந்தது பதிந்ததுதான். எத்தனை தரம் போட்டாலும் அதையேதான் சொல்ல வேண்டும். ஊசி வழுக்கியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னார். ஆனாலும் என்ன நினைத்தாரோ, குழாய்க்குள் குனிந்தார்.

"நான் மெல்ரோய்" என்றார்.

ஊசியை இறக்கினார்.

கர்ர்ர்...

"மெல்ரோய்..."

ஊசி நகர்ந்துகொண்டே இருந்தது.

"உங்களுக்குப் பின்னால நிக்கிறான். திரும்பாதேங்கோ."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. யன்னலில் தெரிந்தது. ஆனால் சத்தம் இல்லை. ஒரு சொட்டுச் சத்தமும் இல்லை.

பிடரியில் ஏதோ பட்டது. காற்றா...

காற்று இப்படி விட்டு விட்டு வராது.

வில்சுருள் எப்போதோ ஓய்ந்திருக்க வேண்டும். பெட்டி நிற்கவில்லை.

"கிட்ட வாறான்..."

"யேசுவே..."

"மெல்ரோய், கையை மேசையில வையாதேங்கோ. அவன்..."

மெல்ரோய் உருளையைப் பிடுங்கித் தரையில் அடித்தார்.

மெழுகு சிதறியது.

அமைதி...

பிறகு, ஓட்டில் மழைச் சத்தம்.

அவர் திரும்பிப் பார்த்தார். வெறும் சுவர்.

கேற் திறந்தது. சுதர்ஷிகா குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"வந்தவருக்கு ஒரு கதிரை குடுக்கிறேல்லையே? நிண்டுகொண்டே கதைக்க விட்டிருக்கிறியள்."

"ஆரை?"

"உங்களுக்குப் பின்னால நிண்டவரை. ஒழுங்கையால நடந்து வரேக்கையே யன்னலால கண்டனாங்கள். எங்க, போயிட்டாரோ?"

"நிக்கேல்லை அம்மா" என்றாள் லதுஷா. "அவர் அப்பாவின்ர முதுகில சாஞ்சுகொண்டு இருந்தவர்."

சுதர்ஷிகா அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிள்ளையை இழுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் போன் அடித்தது. நஜ்முன் நிஸா.

"தம்பி, கோவிக்காதீங்க. ஒரு விசயம் சொல்லணும். நீங்க பெட்டியக் கொண்டு போனதுல இருந்து எங்கட ஊட்டுல அவன் இல்ல."

"எவன் டீச்சர்?"

"ஊட்டுக்குள்ள ஒருத்தன் நிப்பான் தம்பி. நான் சின்னப் புள்ளயா இருக்கக்குள்ளயே நிண்டவன். பெட்டிக்குள்ள கதைக்கிற பொம்புளயாலதான் அவன் வாறான் எண்டு நெனச்சம். அதாலதான் குடுத்தம்."

டீச்சர் குரலைத் தாழ்த்தினார்.

"இண்டைக்குத்தான் எங்கட உம்மா வாய் திறந்தா. வாப்பா ஒவ்வொரு நாளும் அந்தப் பெட்டியப் போட்டுக் கேட்டது சும்மா இல்லயாம். அவன் எங்க நிக்கிறான் எண்டு அந்தப் பொம்புள சொல்லுவாவாம். கிணத்தடி எண்டா கிணத்தடிக்கு எங்கள விடமாட்டார். குசினி எண்டா அண்டைக்குச் சமையலே இல்ல, குசினி பூட்டு. அப்பிடித்தான் எங்கள வளத்தெடுத்திருக்கார். ஒருநாள் மட்டும் கேக்க மறந்திட்டார். அண்டைக்குத்தான் எங்கட தம்பி மௌத்தானவன்."

மெல்ரோய் தரையைப் பார்த்தார்.

"உங்களுக்கும் சின்னப் புள்ள இருக்கெண்டு சொன்னீங்களே... அந்தப் பெட்டிய ஒருக்காப் போட்டுப் பாருங்க தம்பி. இப்ப அவன் எங்க நிக்கிறானாம்?"

தரையில் கிடந்த மெழுகுத் துண்டுகளைச் சுதர்ஷிகா கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள்.

லதுஷா அங்கே இல்லை.