முதல் இரண்டு வரிசை

அருங்காட்சியக அரங்கில் வருடத்துக்கு ஒருமுறை போடும் படம் தொடங்க அரை மணி இருக்கும்போதே எர்லீன் டாப்ஸ் முதல் இரண்டு வரிசை நாற்காலிகளை மடித்துச் சுவரோரம் சாய்த்துவிடுகிறார். அங்கே யாரும் அவரை அப்படிச் செய்யச் சொன்னதில்லை. போன வருடம் புது மேலாளர் காரணம் கேட்டார். "தம்பி, இந்தப் படத்துக்கு வந்துட்டு பால்டிமோர்க்காரன் எவனும் கடைசிவரைக்கும் உக்காந்திருந்ததில்ல" என்றார் எர்லீன். மேலாளரும் இரண்டு நாற்காலிகளைத் தூக்கினார்.

எர்லீனுக்கு வயது எழுபத்தெட்டு. முப்பத்தொரு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். இப்போது அரங்க வாசலில் டார்ச்சோடு நிற்கும்போதும் அதே குரல்தான்: "உள்ள போங்க, பின்னால எடம் கெடக்கு." கோட்டுப் பையில் இரண்டு உப்பு பிஸ்கட்டுக்கு நடுவே கடுகு விழுது தடவிய மீன் வடை. உணவுக்கு அனுமதியில்லை என்ற பலகைக்கு அடியில் நின்றுதான் அதைத் தின்பார்.

படம் எங்கள் பால்டிமோர் ஊரில் அறுபதுகளில் நடந்த கதை. தொலைக்காட்சி நடன நிகழ்ச்சியில் வெள்ளைப் பிள்ளைகள் தினமும் ஆடுவார்கள். கறுப்புப் பிள்ளைகளுக்கு மாதத்தில் ஒரு நாள். கடைசிப் பாட்டில் எல்லோரும் கைகோத்து ஆட, படம் முடியும். எர்லீன் நிஜத்தில் அந்த ஒரு நாளில் ஆடியவர்; நிஜத்தில் இரு தரப்பையும் சேர்ந்து ஆட விடாமல் நிகழ்ச்சியையே நிறுத்திவிட்டார்கள். கைகோக்கும் காட்சி வந்தால் இருட்டிலிருந்து அவர் குரல் கேட்கும்: "பொய்யி! சினிமாக்காரனுக்கு என்ன அவசரமோ!"

ஆனாலும் அந்தப் பாட்டுக்காகத்தான் அவர் இடத்தைக் காலி செய்வது. படம் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் திரையைப் பார்த்து வரிசையாக நின்று ஆட, எர்லீன் ஆட்ட அடிகளைக் கூவுவார். சட்டம் ஒன்றே ஒன்று: "யாரும் யார் கையையும் பிடிக்கக் கூடாது. பிடிச்சா வரிசை கோணிப்போகும்."

அவருக்கு வலப்பக்கம் லோரெட்டா நோவக்கின் இடம். லோரெட்டா வெள்ளைக்காரர், அந்த நிகழ்ச்சியில் மற்ற நாட்களில் ஆடியவர். பதினோரு வருடமாக இருவரும் இங்கே அருகருகே ஆடுகிறார்கள், நடுவில் ஒரு முழம் விட்டு.

இந்த வருடம் லோரெட்டா முழங்கால் அறுவைக்குப் பின் கைத்தடியோடு வந்து ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிடி. பாட்டு வரப்போகுது."

"முடியாதுடி எர்லீன். விழுந்து தொலைச்சேன்னா?"

"ஆம்புலன்ஸ்ல போய் மிச்சத்த ஆடு. உன் எடத்துல வேற எவளையும் நிக்க விடமாட்டேன்."

"அப்போ காலியாவே கெடக்கட்டும். தடியோட ஆட முடியாது. உன் வரிசையில பிடிச்சுக்கவும் ஒண்ணுமில்ல. சட்டம் போட்டவளே நீதானே?"

பாட்டு தொடங்கிவிட்டது. நாற்பது பேர் வரிசையில் நின்று, முதல் அடிக்காக எர்லீனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கூவவில்லை. டார்ச்சை இடக்கைக்கு மாற்றினார். கடுகு ஒட்டியிருந்த வலக்கையைக் கோட்டில் இருமுறை அழுந்தத் துடைத்து, லோரெட்டாவின் முன் நீட்டினார்.