அத்தான் ஆடிய ஆட்டம்

அக்கா வீட்டு ஃபிரிட்ஜின் மேல் ஒரு வெள்ளைப் பந்து இருக்கும். பார்க்க வாலிபால் மாதிரி. கையில் எடுத்தால் கனக்கும். அக்காவின் கணவர், என் அத்தான், அயர்லாந்தில் நர்ஸாக வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது கொண்டுவந்தது. அங்கே ஒரு சிற்றூர் கிளப்பில் கேலிக் ஃபுட்பால் ஆடியதாகச் சொன்னார். பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம், கோலின் குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனாலும் பாயிண்ட் உண்டு என்றார். "கையையும் வைக்கலாம்னா அதுக்குப் பேரு எப்படி மாப்பிள்ளை ஃபுட்பால்?" என்று அப்பா கேட்டார். அத்தான் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

அப்பாவின் சந்தேகம் ஆட்டத்தோடு நிற்கவில்லை. நல்ல வேலையை விட்டுவிட்டு மாடம்பாக்கத்துக்கு வந்தவர், இங்கே எந்த ஆஸ்பத்திரியின் வாசலையும் மிதிக்காமல் வீட்டிலேயே இருந்தால் யாருக்குத்தான் தோன்றாது? மறைமலை நகரில் கார் உதிரிபாகங்களைச் சோதித்து அனுப்புவது என் வேலை. சந்தேகப்படத்தான் எனக்குச் சம்பளம். ஞாயிறு ஆராதனை முடிந்து அக்கா வீட்டில் சாப்பிடும்போது, போகிற போக்கில் கேட்பதுபோல அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரே கேள்வியை வாராவாரம் கேட்பேன். ஒரு வாரம், மைதானத்தின் நடுவில் ஆடினேன் என்பார். இன்னொரு வாரம் கோல் காத்தேன் என்பார். இறுதிப்போட்டியில் ஜெயித்ததாகச் சொன்னவர், கிறிஸ்துமஸுக்குள் அதே போட்டியில் தோற்றிருந்தார். அவரோடு அங்கே வாழ்ந்த அக்காவைக் கேட்டால், "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமா?" என்பாள். அதுதான் எனக்கு அதிகமாக உறுத்தியது. ஏதோ தப்பு செய்து துரத்தப்பட்டிருக்கிறார் என்று அப்பாவும் நானும் முடிவு கட்டிவிட்டோம்.

ஒரு சனிக்கிழமை காலை அப்பாவும் நானும் அங்கே இருந்தபோது அக்காவுக்கு ஒரு போன் வந்தது. பேசி முடித்ததும், "நீங்க ரெண்டு பேரும் கிளம்புங்களேன், வெயில் ஏறிடும்" என்றாள். நான் நகரவில்லை. சிறிது நேரத்தில் வாசலில் ஒரு வாடகைக் கார் நின்றது. உயரமான வெள்ளைக்காரர் ஒருவர் இறங்கினார். கதவைத் திறந்த அத்தான், "யாரைப் பார்க்கணும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். வந்தவர் ஒரு கணம் தடுமாறி, முதல்முறை சந்திப்பவர்போலத் தன் பெயரைச் சொல்லிக் கை கொடுத்தார். அத்தானோடு ஒரே கிளப்பில் ஆடியவராம். அப்பா என்னைப் பார்த்தார். மாட்டிக்கொண்டார் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

அத்தான் டீ போட உள்ளே போனதும், வந்தவர் குரலைத் தாழ்த்திப் பேசினார். அத்தானைப்போல எம்பிப் பந்தைப் பிடிக்க அந்த ஊரில் ஆள் இல்லை என்றார். இறுதிப்போட்டியில் ஒரே பந்துக்கு அத்தானும் இவரும் எம்பியிருக்கிறார்கள். இவர் தலை அத்தான் தலையில் மோதியிருக்கிறது. அந்த ஆட்டப் பருவத்தில் அத்தானுக்குத் தலையில் அது முதல் அடியும் இல்லை. அதற்குப் பிறகு ஞாபகம் கலங்கத் தொடங்கியது. ஒரு நோயாளிக்கு மருந்து கொடுத்தோமா இல்லையா என்று தெரியாமல் நின்ற அன்றே, யாரும் கேட்காமல் அத்தான் தானாகப் போய் விஷயத்தைச் சொல்லி வேலையை விட்டிருக்கிறார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அக்காவிடம், "எங்ககிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"பொய் சொல்றார்னு நினைச்சா கோபப்படுவீங்க. இது தெரிஞ்சா பாவம்னு பார்ப்பீங்க. கோபத்தை அவர் தாங்கிப்பார்" என்றாள்.

வந்தவரை வழியனுப்பிவிட்டு அத்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அவர் உங்க கம்பெனி ஆளா தம்பி?"

"இல்ல அத்தான். உங்களோட ஆடினவர்."

"அப்படியா?" ஃபிரிட்ஜின் மேலிருந்த பந்தைப் பார்த்தார். "நான் எப்படி ஆடுவேன்னு ஏதாவது சொன்னாரா?"

"உங்களை மாதிரி எம்பிப் பிடிக்க அந்த ஊர்லயே ஆள் இல்லையாம்."

அத்தான் என் முகத்தையே உற்றுப் பார்த்தார். "சும்மா எனக்காகச் சொல்றியா?"