கப்பலின் இடது பக்கம்

பெயின்ட் கரைக்கிற தின்னர் வாசனை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். எங்கள் தெருவில் அந்த வாசனை வந்த ஒரே வீடு சங்கரியக்காவுடையது. அவள் என் பெரியப்பா மகள். பெரியப்பா கடற்படையில் இருந்தார். விசாகப்பட்டினத்திலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பெட்டியில் அடைத்த சின்னப் போர்க்கப்பல் ஒன்றை மகளுக்குக் கொண்டுவருவார். பீரங்கி, ஏணி, நங்கூரம் எல்லாம் தனித்தனித் துண்டுகள். அக்கா அவற்றை ஒட்டி, செலோடேப்பைக் கோணல்மாணலாகக் கத்தரித்து மேலே பதித்து, சாம்பல், கறுப்பு, வெளிர்நீலம் என்று பட்டை பட்டையாகப் பெயின்ட் அடிப்பாள். எதிரியின் கண்ணை ஏமாற்றுகிற நிறமாம் அது. எங்கள் ஊர் சங்கரன்கோவிலில் எந்தக் கண்ணும் ஏமாறவில்லை. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள்கூடக் கப்பலைப் பார்த்துவிட்டுத்தான் காப்பி குடித்தார்கள். பக்கத்திலேயே நின்ற நான்தான் யார் கண்ணிலும் படவில்லை.

"அவ கையில சரஸ்வதில்லா குடியிருக்கா. ஒனக்குந்தான் ரெண்டு கை இருக்கு" என்பாள் அம்மா. தொடப்போனால் அக்கா, "ஏட்டி, கைய வச்சிராத" என்பாள். தண்ணீருக்கு அடியில் போகிற வெறும் சிவப்பு அடிப்பாகத்தை மட்டும் எனக்கென்று விடுவாள்.

ஒரு வருஷம் பள்ளிக்கூடக் கண்காட்சி நெருங்கும்போது அக்காவுக்கு அம்மை போட்டுவிட்டது. கப்பலின் வலது பக்கம் முடிந்திருந்தது. இடது பக்கத்துக்கு வேறு டிசைன், அதில் ஒரு கோடுகூட விழவில்லை. விடுமுறையில் வந்திருந்த பெரியப்பா கப்பலை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். வேப்பிலை செருகிய ஜன்னலுக்குள்ளிருந்து அக்கா, "ஏட்டி, நீயே போடு. ஒண்ணு காயாம அடுத்த கலர வச்சிராத" என்று கத்தினாள். எனக்குச் சந்தோஷத்தைவிட, இதிலாவது அவளை ஜெயித்துவிட வேண்டும் என்ற வெறிதான் அதிகம். மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டேன். கோமதியம்மன்மேல் ஆணை, அவளுடையதைவிட நன்றாக வந்தது.

கண்காட்சியில், கப்பலின் மூக்கு வாசலைப் பார்த்து இருக்கட்டும் என்று டீச்சர் வைத்ததில், என் பக்கம் சுவரோடு போய்விட்டது. பரிசு அக்கா பெயருக்கு வந்தது. "அக்காவுக்குக் கெடச்சா ஒனக்குக் கெடச்ச மாதிரிதான" என்றாள் அம்மா. எனக்கு ஒருநாளும் அப்படித் தோன்றியதில்லை.

பெயின்ட் வாங்கிய கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் விற்கிறார்கள். பெரியப்பா காலமாகிவிட்டார். மற்றக் கப்பல்கள் வீடு மாறியதில் உடைந்துபோக, அந்த ஒன்று மட்டும் சென்னையில் அக்கா வீட்டுக் கண்ணாடி அலமாரியில் நிற்கிறது. போன மாதம் போயிருந்தபோது பார்த்தேன். என் பக்கத்தைத்தான் ஹாலைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள். வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண்களிடம், "இது இவ போட்டது. என்னோடதவிட நல்லாருக்குல்லா?" என்றாள். இத்தனை வருஷம் நான் காத்திருந்த வார்த்தை. அவர்கள் கப்பலை ஒரு பார்வை பார்த்துவிட்டு அக்கா பக்கம் திரும்பி, "உங்களுக்கு எவ்ளோ பெரிய மனசுங்க!" என்றார்கள்.

அந்தப் பாராட்டும் அவளுக்கே போயிற்று.