வினிகருக்கும் தேநீருக்கும் நடுவே ஒரு மணி நேரம்

போன ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் என் கணவர் சந்திரன் தே வேண்டாம் என்றார்.

பல வருடமாக இவருக்குத் தே தாரிக் — கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிய நுரைத் தேநீர் — ஆற்றித் தரும் கடைக்காரர், குவளையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன அக்கா, அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா?"

"வினிகர் குடிச்சிட்டு வந்திருக்கார்" என்றேன்.

"ஊறுகாய்ல ஊத்துவாங்களே, அதையா?"

"இது பழ வினிகர் லா. நானே போட்டது" என்றார் இவர், கொஞ்சம் பெருமையாகவே.

விஷயம் மூன்று மாதத்துக்கு முன் ஆரம்பித்தது. இவர் எடை தொண்ணூற்று நான்கு கிலோ. ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில். பாலிகிளினிக் டாக்டர் — தமிழ்ப் பெண், எங்கள் மகள் வயது இருக்கும் — நேராகவே சொன்னார்: "மூணு மாசம் டைம் தர்றேன் அங்கிள். எடை குறையலன்னா மாத்திரை ஆரம்பிச்சிடலாம்."

மாத்திரை என்றாலே இவருக்குப் பயம். தன் அண்ணன் தினமும் காலையில் ஒரு கை நிறைய மாத்திரை விழுங்குவதைப் பார்த்தவர்.

அந்த வாரமே எங்கள் புக்கிட் மேரா வீட்டுச் சமையலறையில் ஒரு கண்ணாடி ஜாடி வந்து உட்கார்ந்தது. அன்னாசித் தோல், சர்க்கரை, தண்ணீர். மேலே என் பழைய துப்பட்டாவில் கிழித்த துண்டு. முதலில் கள் வாசனை. பிறகு மூக்கைச் சுடும் புளிப்பு. அது பக்குவமாகும் வரை கடையில் வாங்கிய ஆப்பிள் வினிகர். மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன், ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு ஸ்பூன்.

எடை குறையுமா? தேடிப் படித்தேன். ஓரளவு உதவலாம் என்கிறார்கள் சிலர். ஆதாரம் போதாது என்கிறார்கள் சிலர். தண்ணீர் கலக்காமல் குடித்தால் பல் கெடும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி.

ஆனால் முதல் நாளே ஒரு சிக்கல். வினிகரைக் குடித்தார்... தேயைக் கையில் எடுத்தார்... கீழே வைத்துவிட்டார்.

"வயித்துக்குள்ள பால் திரிஞ்சிடாது?"

பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் என்ன ஆகும் என்று பார்த்தவருக்கு இந்தச் சந்தேகம் வராதா? தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். வினிகருக்குப் பிறகு ஒரு மணி நேரம் பால் கிடையாது.

இவருடைய மூன்று தேயும் சாப்பாட்டோடுதான். ஒரு மணி நேரம் கழித்து வேலையில் இருப்பார், இல்லையென்றால் டிவி முன்னால் அசந்திருப்பார். ஒரே வாரத்தில் மூன்று தேயும் காணாமல் போயின — அவற்றோடு அந்தக் கெட்டியான, தித்திப்பான கண்டென்ஸ்டு மில்க்கும்.

உண்மையில், வயிற்றில் சுரக்கும் அமிலம் வினிகரைவிடக் கடுமையானது. வினிகர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் பால் அங்கே திரியத்தான் செய்யும். செரிமானமே அப்படித்தான். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். இவர் பெல்ட்டை ஒரு துளை உள்ளே தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

வாயை மூடிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மறுபடி பாலிகிளினிக். எடை தொண்ணூறு. சர்க்கரையும் இறங்கியிருந்தது.

"மாத்திரை இப்போதைக்கு வேண்டாம். என்ன செஞ்சீங்க அங்கிள்?"

ஜாடியின் போட்டோவைக் காட்டினார். செய்முறையைச் சொன்னார். பிறகு சட்டத்தையும் விளக்கினார். "பால் திரிஞ்சிடும்ல டாக்டர்? அதான் ஒரு மணி நேரம் கேப் விடுறேன்."

கீபோர்டில் டாக்டரின் விரல்கள் நின்றன. என்னைப் பார்த்தார். நான் மெதுவாகத் தலையை ஆட்டினேன்... வேண்டாம்.

"முன்னாடி ஒரு நாளைக்கு எத்தனை தே அங்கிள்?"

"மூணு. இப்ப எப்பவாவது ஒண்ணு."

டாக்டர் ஒரு நொடி யோசித்தார். "கேப்பை இன்னும் கூட்டினாலும் நல்லதுதான். ரெண்டு மணி நேரம் விட்டுப் பாருங்க."

இவர் என் பக்கம் திரும்பினார் — பார்த்தாயா, என்பதுபோல.

டாக்டர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எங்காவது இவரைப் பார்த்தால், மீதியை நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.