நாற்பத்து நான்கு எடுத்தும் பெயில்

பத்தாம் வகுப்பு அறிவியலில் பாஸாவதற்கு என்னைப் போல் சுலபமாகக் கணக்குப் போட்டவன் பழங்காநத்தத்திலேயே இருந்திருக்க மாட்டான். பாஸ் மார்க் முப்பத்தைந்து. செய்முறைத் தேர்வுக்கு மட்டும் இருபத்தைந்து. மிச்சம் பத்து. எழுத்துத் தேர்வில் எழுபத்தைந்துக்குப் பத்து கூடவா வராது?

செய்முறையில் நான் புலி. குவிலென்சைப் பிடித்துப் பள்ளி வேப்பமரத்தைத் தாளில் தலைகீழாக விழ வைத்தேன். முழு மார்க் என்று சாரே காதில் போட்டார். அதன் பிறகு அறிவியல் புத்தகத்தை நான் தொந்தரவு செய்யவில்லை.

ரிசல்ட் வந்தபோது கிரிக்கெட் மைதானத்தில் இருந்தேன். பெஞ்சுத் தோழன் போனில் பார்த்தோம். அவனுக்கு அறிவியலில் சரியாக முப்பத்தைந்து, பாஸ். எனக்கு நாற்பத்து நான்கு, பெயில்.

"போன் கோளாறுடா!" என்று கத்தினேன்.

"இல்ல மாப்ள. தியரில தனியா இருபது, பிராக்டிகல்ல தனியா பதினஞ்சு எடுக்கணும். நீ தியரில பத்தொம்பது. சார் எம்புட்டு தடவ சொன்னாரு!"

சொல்லியிருப்பார். அப்போது நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

ஒரு மார்க்! இன்னும் ஒரு படம் வரைந்திருக்கலாம். எங்கள் வீட்டில் அதுவரை பத்தாவது தாண்டிய ஆளே கிடையாது. அம்மா ஒன்பதோடு நின்றவர். பயந்துகொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா ஜாங்கிரிப் பெட்டியோடு தெருவில் நின்றார். அவர் போனுக்கும் மார்க் வந்திருந்தது. எல்லாமே முப்பத்தைந்துக்கு மேல் என்று பார்த்தவர், கடைசியில் இருந்த 'பெயில்' என்பதைப் படிக்கவில்லை. பெட்டியில் இரண்டுதான் மிச்சம்.

"அம்மா, நான் சயின்ஸ்ல பெயிலும்மா."

பக்கத்து வீட்டு அத்தை பாதி ஜாங்கிரியோடு வாயை மூடாமல் நின்றார். நான் விதியை விளக்கினேன். அம்மாவின் முகம் சுருங்கியதைப் பார்க்க முடியவில்லை.

"திரும்ப எப்படா எழுதணும்?"

"அடுத்த மாசம். தியரி மட்டும்."

அத்தை கையிலிருந்த மீதியைத் திருப்பித் தருவதா தின்பதா என்று தவித்தார்.

"தின்னுங்க மதினி," என்றார் அம்மா. "அடுத்த மாசம் பாஸாகப் போறான்ல, அதுக்கு இப்பவே குடுத்துட்டேன்."

மிச்சமிருந்த இரண்டில் ஒன்றை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனார். பரீட்சை பயம் என்றால் என்ன என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.