தம்ளர் தளும்பாத ரோடு

ரோலர்காரர் ஒரு ரோட்டைப் போட்டு முடித்தால் இன்ஜினியரின் கையெழுத்து மட்டும் அவருக்குப் போதாது. வீட்டுக்காரி சரி என்று சொல்ல வேண்டும். மறுநாள் காலை, தடுப்புகளை எடுக்குமுன், இவர் சைக்கிளை மிதிப்பார். பின்னால் கேரியரில் அந்தம்மா ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு உட்கார்ந்திருப்பார். தண்ணீர் சிந்தினால் அந்த இடத்தில் ரோடு மேடுபள்ளம் என்று அர்த்தம். கொத்தியெடுத்து, புதுக் கலவை கொட்டி, மறுபடி உருட்டுவார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம் இது. வேலையாட்கள் அந்தம்மாவுக்குத் தம்ளரம்மா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். நாள் பூரா தையல் மெஷினில் குனிந்து கிடக்கிறவருக்கு, ஊரில் ஒருத்தரும் கால் வைக்காத ரோட்டில் முதல் ஆளாகப் போவதென்றால் சும்மாவா?

இப்படி நிம்மதியாகப் போன பிழைப்பில் நகராட்சி மண்ணை அள்ளிப் போட்டது. சைக்கிளுக்கும் சாலை வரி போடலாமா என்று கூட்டம் கூட்டியது. ரோலர்காரரும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தார். முன்வரிசையிலிருந்து அவருடைய மச்சினன் எழுந்தான். மூன்று லாரி வைத்திருக்கிறவன், குரலும் லாரி ஹாரன்தான்.

"நாங்க எல்லாம் வரி கட்டுறோம். இவங்க மணியை அடிச்சுக்கிட்டு ஓசியில போறாங்க. ரோடு என்ன, இவங்க மாமனார் வீட்டுச் சொத்தா?"

அந்த மாமனார் இவனைப் பெற்ற அப்பாதான் என்பது ஊருக்கே தெரியும். ஹால் முழுக்கக் கொல்லென்று சிரித்தது. ரோலர்காரருக்குச் சுருக்கென்றது. எழுந்துவிட்டார்.

"மாப்பிள்ளை, உன் லாரி போட்ட குழியைத்தான் நான் வருஷம் பூரா அடைச்சுக்கிட்டிருக்கேன். என் சைக்கிள் எங்கேயாவது ஒரு குழி போட்டிருக்கா? காட்டு பார்ப்போம்!"

கைதட்டல் எழுந்தது. அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். கைதட்டல் கேட்ட பிறகு எந்த மனுஷனுக்கு வாய் சும்மா இருக்கும்?

"நான் போட்ட ரோட்டுல நானே வரி கட்டிப் போகணுமா? அப்படி ஒரு வரி வந்துச்சுன்னா இனி சைக்கிளே மிதிக்க மாட்டேன். இது சத்தியம்!"

வரி வந்தே விட்டது. பெரிய தொகை ஒன்றுமில்லை, வருஷத்துக்கு ஒரு சட்டை தைக்கிற கூலிதான். கட்டினால் ஒரு தகர வில்லை கொடுப்பார்கள், ஹேண்டில்பாரில் மாட்டிக்கொள்ள வேண்டும். ரோலர்காரர் மாட்டவில்லை. முக்கால் மணி நேரம் நடந்தே வேலைக்குப் போனார். சைக்கிள் சுவரோரம் தூசி படிந்து நின்றது.

தம்ளரம்மா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். எட்டாம் நாள் கத்தரிக்கோலை டப்பென்று வைத்தார்.

"ஊரைக் கூட்டி வீராப்பு பேசினீங்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? பள்ளிக்கூட ரோடு முடியப்போகுதாமே, அதுல நான் எப்படிப் போறதாம்?"

மனுஷன் செருப்பைத் தேடினார். கட்டுகிற காசு அவருக்கு உறைக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் சொன்னதை மென்று முழுங்குவதுதான் உறைத்தது. வீட்டுக்காரி முகம் வாடியது அதைவிட உறைத்தது.

பள்ளிக்கூட ரோடு முடிந்தது. மறுநாள் காலை, தொங்கிய முகத்தோடு தடுப்புப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். பின்னால் சைக்கிள் மணி கேட்டது. திரும்பினால், தம்ளரம்மா மிதித்து வருகிறார்! ஹேண்டில்பாரில் புதுத் தகர வில்லை பளபளத்தது.

"யார் கட்டினது?"

"நான்தான். வில்லை என் பேர்ல இருக்கு. மிதிக்க மாட்டேன்னுதானே சத்தியம் பண்ணீங்க? பின்னாடி உக்கார மாட்டேன்னு சொல்லலையே. ஏறுங்க."

வேலையாட்கள் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு பல்லைக் காட்டினார்கள். ரோலர்காரர் அவர்களை முறைத்துவிட்டுக் கேரியரில் ஏறினார். தம்ளர் கைக்கு வந்தது.

"கீழே தள்ளிடாதே."

"ஆடாம உக்காருங்க, போதும்."

பள்ளிக்கூட வாசல் வந்தது. தண்ணீர் சளக்கென்று அவர் மடியில் கொட்டியது. திருப்பத்தில் இன்னொரு தரம். ரோலர்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன இது! நீ உக்காரும்போது இவ்வளவு சிந்தாதே?"

தம்ளரம்மா திரும்பிப் பார்க்காமலே மிதித்தார்.

"சிந்தும். நீங்க களைச்சுப்போய் இருந்தீங்கன்னா, கிளம்புறதுக்கு முன்னாடியே ரெண்டு மடக்கு குடிச்சுக் குறைச்சிடுவேன்."

"அப்போ கடைத்தெரு ரோடு?"

"அன்னிக்கு உங்களுக்குக் காய்ச்சல்."

"பாலத்து ரோடு?"

"அதுக்கு முக்கால் தம்ளர் குடிச்சேன்."

கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு, கூடவே கண்ணும் கலங்கியது. இருபத்திரண்டு வருஷமாகத் தன் கைவேலையை எண்ணித் தானே மார்தட்டிக்கொண்டதை நினைத்தார். முதுகுக்குப் பின்னால் ஒருத்தி தாகமில்லாமலே தண்ணீர் குடித்திருக்கிறாள். இவளுக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று தோன்றியது. அதை மறைக்கத் தம்ளரை முன்னால் நீட்டினார்.

"இன்னிக்கும் இடுப்பு விட்டுப்போச்சு. இதையும் குடிச்சிடேன்."

தம்ளரம்மா பிரேக்கைப் பிடித்து, ஒரு காலை ஊன்றி, தகர வில்லையை விரலால் தட்டினார்.

"அதெல்லாம் நான் ஓசியில வந்த காலம். இப்போ வரி கட்டினவ சொல்றேன். வாசல்ல ஒண்ணு, திருப்பத்துல ஒண்ணு. ரெண்டையும் கொத்திப் போடுங்க."